இறுதிக்காலத்தில் வலியும் அச்சமும் குறைய: மருத்துவர் பதில்கள்

அண்மையில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் பற்றியவை. ஆகவே இவ்விதழின் கேள்வி பதில் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவரின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். இங்கே சொல்லப்படும் மருந்து விவரங்கள் பொதுவானவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 76. நெடுநாள் சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இதயமும் பலவீனமாக இருக்கிறது. டயாலிசிஸ் செய்பவர்களின் பட்டியலில் சேர்க்க இயலாது என்று அரசு மருத்துவமனையில் சொல்லி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தனியாரிடம் செய்ய எங்களுக்கு வசதி இல்லை. அவரைக் கைவிட்டுவிட்டோம் என்று அம்மா தினமும் அழுகிறார். இனி என்ன செய்வது? (மகள், ஃபீனிக்ஸ்)

பதில்: உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்திருப்பது நம் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்றம் வரை சென்ற விஷயம். 1997இல் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்பிரமணி என்பவர், சர்க்கரை நோயும் இதய நோயும் சேர்ந்து சிறுநீரகம் செயலிழந்த நிலையில், அரசு மருத்துவமனை தமக்கு டயாலிசிஸ் அளிக்க மறுத்ததை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினார். அவருக்கு அப்போது வயது 41தான். அவசரச் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்னும் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, தொடர்ந்து செய்யவேண்டிய டயாலிசிஸுக்குப் பொருந்தாது என்றும், இயந்திரங்களும் நிதியும் குறைவாக உள்ள நிலையில் யாருக்கு டயாலிசிஸ் தருவது என்று மருத்துவமனை வகுத்துக்கொண்ட விதி நியாயமானதே என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் எப்படி அமைகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதால் சொல்கிறேன். அது உங்கள் தாயாரோ நீங்களோ எடுத்த முடிவு அன்று. ஆகவே கைவிட்ட பாவம் என்று ஒன்று உங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை.

உங்கள் தந்தையின் வயதில், இதய நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு டயாலிசிஸ் கூட்டித்தரும் ஆயுள் பெரும்பாலும் மிகக் குறைவு என்பதையும், கூடிய நாள்களில் பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழிந்துவிடுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வசதியுள்ள நாடுகளிலும் இவ்வயதினர் பலர், விவரங்களைக் கேட்டறிந்தபின் டயாலிசிஸ் வேண்டாம் என்றே தீர்மானிக்கிறார்கள்.

அப்படியானால் வீட்டில் வைத்து எதைப் பார்த்துக்கொள்வது? உங்களை அனுப்பியவர்கள் விளக்கியிருக்கவேண்டிய பகுதி இதுதான். சிறுநீரகம் செயலிழந்தவரை வருத்துபவை மூச்சுத்திணறல், உடல் அரிப்பு, குமட்டல், இரவில் கால் இழுப்பு, தூக்கமின்மை ஆகியவை. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. உடலில் நீர் தேங்கி வரும் மூச்சுத்திணறலுக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும், குடிக்கும் நீரின் அளவைக் கட்டுப்படுத்துவதும், தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைப்பதும், முகத்துக்கு நேரே ஒரு சிறு மின்விசிறியை வைப்பதும் உதவும். அரிப்புக்கு, குளித்த ஈரம் காயும் முன் வாசனையற்ற களிம்பைப் பூசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சிறிய அளவில் தரக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கவேண்டும்: மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை எஞ்சியிருக்கும் சிறுநீரகச் செயலையும் கெடுத்துவிடும்.

இந்தக் கவனிப்புக்குப் பெயர்தான் பாலியேட்டிவ் கேர். நான் இதை ஆதரவுச் சிகிச்சை என்று எழுதுகிறேன். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் நோயாளியின் வலியையும் மூச்சுத்திணறலையும் மனக்கலக்கத்தையும் குறைப்பதும், பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குத் துணை நிற்பதும் இதன் பணி. தென்னாப்பிரிக்க அரசு 2017இல் இதற்கென்றே ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பது உண்மை; உலக அளவிலும் இச்சிகிச்சை தேவைப்படுபவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே நீங்களே கேட்டுப் பெறவேண்டும். தந்தையை அனுப்பிய மருத்துவரிடம் திரும்பச் சென்று, ‘பாலியேட்டிவ் கேருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தாருங்கள்’ என்று கேளுங்கள். அந்தக் கடிதத்துடன் இச்சிகிச்சையை அளிக்கும் அமைப்பான ஹாஸ்பிஸ் உங்கள் பகுதிக்கு அருகில் எங்குள்ளதோ அதை அணுகுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஹாஸ்பிஸ் தாதி, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்து கொடுத்திருக்கிறார். இரவில் அம்மா வலியில் முனகுகிறார், ஆனால் அந்தப் புட்டியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அதைக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்றும், மார்ஃபின் கொடுத்தாலே முடிவு நெருங்கிவிட்டது என்றும் பெரியப்பா சொல்கிறார். (மகன், சாட்ஸ்வொர்த்)

பதில்: இன்றிரவே திறந்து கொடுங்கள். எழுதித் தந்த அளவில், எழுதித் தந்த நேரத்தில் கொடுங்கள். பெரியப்பா சொல்வது நம் வீடுகளில் பலரும் நம்பும் செய்திதான். மார்ஃபினைக் கடைசி ஓரிரு நாள்களில் மட்டும் கொடுத்து வந்த காலத்தில், மருந்தும் மரணமும் அடுத்தடுத்து வந்ததால் ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று மக்கள் எண்ணிக்கொண்டார்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டஃபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி வரும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் வாய்வழியாக மார்ஃபின் கொடுத்தால் நோயாளி தெளிவுடன் பேசிக்கொண்டும் உண்டுகொண்டும் பல மாதங்கள் இருக்கமுடியும் என்பதைக் காட்டினார். தக்க அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி தணிந்து தூங்கியவர் மறுநாள் எழுந்து இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவதைத்தான் நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

அடிமையாதலைப் பற்றி: போதைக்காக ஒரு பொருளைத் தேடி அலைவது அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்பவருக்கு அது நேர்வது அரிது. உடல் மருந்துக்குப் பழகிப்போவது வேறு; அதனால்தான் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கிறோம்.

இனி நடைமுறை. மார்ஃபின் நீர்மருந்தின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். அதனால்தான் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். வலி இல்லையே என்று ஒரு வேளையை விட்டுவிட்டால், திரும்பி வரும் வலியை அடக்க அதைவிட அதிக மருந்து தேவைப்படும். இடையில் வலி குத்தினால் கொடுக்கவேண்டிய கூடுதல் அளவு எவ்வளவு என்பதைத் தாதியிடம் எழுதி வாங்கிவையுங்கள். அளவை மருந்துடன் வரும் ஊசியற்ற சிரிஞ்சால் எடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் கொடுத்த நேரத்தையும், பத்துக்கு எத்தனை என்று அம்மா சொல்லும் வலியின் அளவையும் எழுதி வாருங்கள். அடுத்த முறை வரும் தாதிக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

முதல் இரண்டு மூன்று நாள்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும். பிறகு பெரும்பாலும் தானாகவே அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. மருந்து தொடரும்வரை அதுவும் தொடரும் என்பதால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே தரவேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, வயிறு உப்பி வலி கூடி, அதற்கும் மார்ஃபினே காரணம் என்று மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்கள் பல. தசைகள் திடீர் திடீரெனத் துடிப்பது, எழுப்ப முடியாத தூக்கம், புதிதாகத் தோன்றும் மனக்குழப்பம் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த வேளைக்கு முன் தாதியை அழையுங்கள். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மார்ஃபின் உடலில் தேங்கும். அவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்றவேண்டியிருக்கும்.

இந்நாட்டில் மார்ஃபின் 6ஆம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஒரு சீட்டுக்கு 30 நாள் மருந்துக்கு மேல் கிடைக்காது. அதே சீட்டைக் கொண்டு மறுமுறை வாங்கவும் முடியாது. டிசம்பர் விடுமுறையில் மருத்துவர்கள் ஊரில் இல்லாத வாரங்களில்தான் நம்மவர்கள் மருந்து தீர்ந்து தவிக்கிறார்கள். புட்டியில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள். புட்டியைப் பூட்டிவையுங்கள்.

கேள்வி: ஹாஸ்பிஸ் என்றால் பணம் கட்டிச் சேர்க்கும் இடமா? அங்கே போனால் வீட்டுக்குத் திரும்ப முடியாதா? என் கணவர் கட்டிய மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இதற்குப் பணம் தருமா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஹாஸ்பிஸின் பணியில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டில்தான் நடக்கிறது. பயிற்சி பெற்ற தாதி வாரத்தில் சில முறை வந்து பார்ப்பார், மருந்தைச் சீர்செய்வார், புண்ணுக்குக் கட்டுப்போடக் கற்றுத்தருவார், சக்கர நாற்காலி, மருத்துவக் கட்டில் போன்றவற்றை இரவலாகத் தருவதும் உண்டு. உள்நோயாளிப் படுக்கைகள் உள்ள இடங்களிலும், வலியைக் கட்டுக்குள் கொண்டுவந்தபின் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் இருக்கிறார்கள். தாதி இரவும் பகலும் உடனிருந்து பார்த்துக்கொள்வார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அன்றாடக் கவனிப்பு குடும்பத்தின் பொறுப்பிலேயே இருக்கும். உங்கள் ஊரில் உம்சுந்தூசி ஹாஸ்பிஸ் இருக்கிறது. டர்பன் பக்கத்தில் ஹைவே, சாட்ஸ்வொர்த், வெருலம் ஹாஸ்பிஸ்கள் இருக்கின்றன. இவை பெரிதும் நன்கொடையில் நடப்பவை.

மெடிக்கல் எய்ட் திட்டங்கள் கட்டாயமாகத் தரவேண்டிய குறைந்தபட்சப் பயன்களின் பட்டியலில் 260எஸ் என்ற குறியீட்டின் கீழ், எந்த நோயானாலும் மரணம் நெருங்கிய நிலையில் வலிநிவாரணம், நீரேற்றம் உள்ளிட்ட ஆறுதல் சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது. முதலில் இல்லை என்று பதில் வந்தால் இந்தக் குறியீட்டைச் சொல்லி எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு வயது 84. மறதி நோய் முற்றி, இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லை. சில வாரங்களாகச் சோற்றை வாயிலேயே அடக்கிக்கொள்கிறார், விழுங்குவதில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கவேண்டும் என்று ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நாத்தனார் வற்புறுத்துகிறார். பட்டினி போட்டுக் கொல்கிறேன் என்று என்னைத் தொலைபேசியில் ஏசுகிறார். (மருமகள், டோங்காட்)

பதில்: சோறிட்டு வளர்த்தவருக்குச் சோறு கொடுக்க முடியவில்லையே என்னும் துயரம் நம்மவர்களுக்கு வேறெந்தத் துயரத்தையும்விடப் பெரியது. தொலைவில் இருப்பவருக்கு அது கோபமாக வெளிப்படுகிறது. உங்கள் நாத்தனார் இந்தப் பதிலைப் படிக்கக்கூடும் என்று எண்ணி, அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மறதி நோய் முற்றும்போது விழுங்கும் செயலை நடத்தும் மூளைப்பகுதியும் நலிகிறது; பசி உணர்வும் மங்குகிறது. உண்ணாமை அந்நோயின் இறுதிக்கட்டத்தில் வரும் ஒரு மாற்றம். இந்நிலையில் குழாய் வழியே உணவு செலுத்துவதால் ஆயுள் கூடுவதில்லை என்பதும், உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா வருவது தடைபடுவதில்லை என்பதும், படுக்கைப் புண் ஆறுவதில்லை என்பதும் உலகெங்கும் முதியோர் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட முடிவுகள். மாறாக, குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டவேண்டி வருகிறது. 84 வயதுத் தாயின் கைகளைக் கட்டிலோடு கட்டுவதைப் பார்க்க உங்கள் நாத்தனாருக்கும் மனம் வராது.

கையால் ஊட்டுவதே நல்லது. அவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றுக் குனியச்செய்து, தேக்கரண்டியில் பாதி அளவே எடுத்து, விழுங்கியதை உறுதிசெய்தபின் அடுத்ததைக் கொடுங்கள். ஊட்டி முடித்தபின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். சோறு உதிர்ந்து வாயில் தங்கும், குழைந்ததே இறங்கும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் காய்ச்சும் சோளமாவுக் கூழைச் சற்றுத் தளர்த்தித் தயிர் கலந்து கொடுத்துப் பாருங்கள். பெயர்களை மறந்த பலர் அந்தப் புளிப்பை மறப்பதில்லை. உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கரண்டி போதும் என்று அவர் வாயை மூடிக்கொண்டால் அத்துடன் நிறுத்துங்கள். உண்ணும் அளவை எண்ணிக் கவலைப்படவேண்டாம். அவருக்கு இதமாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

இன்னொன்று, மிகவும் முக்கியமானது. உங்கள் கடிதத்தின் கடைசியில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வழக்கம்போல் தொடர்வதாக ஒரு வரி இருக்கிறது. உணவு குறைந்தபின் பழைய அளவில் இவற்றைக் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். வியர்ப்பதும் நடுங்குவதும் மயங்குவதும் நோயின் போக்கு என்று நீங்கள் எண்ணிக்கொள்ளக்கூடும். நாளையே மருத்துவரிடம் பேசி அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யுங்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை போல, பல ஆண்டுகள் கழித்துப் பலன் தருபவற்றையும் இப்போது நிறுத்திவிடலாமா என்று கேளுங்கள். விழுங்க முடியாதவருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மாத்திரைகளைப் பொடித்துப் புகட்டுவது துன்பமே.

கேள்வி: அப்பாவுக்கு ஈரல் புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்லவேண்டாம் என்று குடும்பமாகத் தீர்மானித்து, மருத்துவரையும் கேட்டுக்கொண்டோம். இது சரிதானா? (மகன், டர்பன்)

பதில்: அன்பினால் செய்த தீர்மானம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் என் கருத்து வேறு. தம் உடல் மெலிவதையும், அறைக்குள் நுழையும்போது பேச்சு நிற்பதையும், மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து திடீரென வந்து நிற்பதையும் காணும் ஒருவர் ஊகிக்காமல் இருப்பாரா? அவர் அறிந்திருக்கிறார், நீங்கள் வருந்துவீர்கள் என்று அவரும் மறைக்கிறார். இப்படியே போனால், பேசவேண்டியவற்றை இருதரப்பும் பேசாமலே காலம் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லச் சொல்லவில்லை. ‘உங்கள் உடல்நிலை பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அப்பா? டாக்டர் உங்களிடம் நேராகப் பேசட்டுமா, எங்களிடம் மட்டும் பேசினால் போதுமா?’ என்று கேளுங்கள். ‘எல்லாம் பெரியவனிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய உரிமையே. பிறகு நீங்கள் மறைக்கிறீர்கள் என்றாகாது. நான் கவனித்த முதியவர் ஒருவர், உண்மை தெரிந்த அன்று சிறிது நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தைப்பூசத்துக்கு டர்பனின் கேட்டோ மேனர் பகுதிக் கோயிலுக்கு ஒருமுறை அழைத்துப்போக முடியுமா என்று கேட்டார். நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருந்ததாம். கார் புறப்படும் நேரத்துக்கு அரைமணி முன்னதாக மருந்தைக் கொடுத்து, அடுத்த வேளை மருந்தை அளந்து சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியுடன் பேரன்மார் அழைத்துச்சென்றார்கள். அவரிடம் மறைத்திருந்தால் அந்தக் கடனைப் பற்றி ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கேள்வி: அம்மா தம் விவகாரங்கள் அனைத்துக்கும் எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார். அவர் நினைவிழந்தால் சிகிச்சை பற்றி நானே முடிவு செய்யலாம் அல்லவா? செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று எழுதிவைத்தால் அது செல்லுமா? (மூத்த மகள், சாட்ஸ்வொர்த்)

பதில்: பலரும் அறியாத ஒரு விதி இந்நாட்டில் உண்டு. அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் ஆற்றலை இழந்ததும் செல்லாததாகிவிடும். அதாவது, அது மிகவும் தேவைப்படும் நாளில் பயன்படாது. வங்கி, வீடு முதலிய சொத்து விவகாரங்களுக்கு அதன்பின் உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் கோரவேண்டியிருக்கும். அம்மா தெளிவாக இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சிகிச்சைக்கு வேறு விதி. 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் 7ஆம் பிரிவின்படி, நோயாளி தம் சார்பில் சம்மதம் தெரிவிக்க ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். அப்படி எழுதிவைக்காவிட்டால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பாட்டன் பாட்டி, வயதுவந்த பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்னும் வரிசையில் உரிமை செல்லும். பிள்ளைகளுக்குள் மூத்தவர் இளையவர் என்றோ, ஆண் பெண் என்றோ சட்டம் வேறுபாடு காட்டவில்லை. ஐந்து பிள்ளைகள் ஐந்து விதமாகச் சொன்னால் மருத்துவமனை தடுமாறும். ஆகவே அம்மா ஒருவரைக் குறிப்பிட்டு எழுதிக் கையொப்பமிடட்டும். அந்தத் தாளை மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவரே படித்துக்காட்டினால் பின்னால் மனத்தாங்கல் வராது.

வேண்டாத சிகிச்சைகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் லிவிங் வில்லுக்கென்று இந்நாட்டில் தனிச்சட்டம் இல்லை. ஆயினும் சிகிச்சையை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அத்தகைய தாளை மருத்துவர்கள் மதிக்கிறார்கள். நீதிமன்றமும் கருத்தில் கொண்டிருக்கிறது. 1988 முதல் உணர்விழந்து கிடந்த ஒரு மருத்துவரின் மனைவி, கணவர் முன்பே எழுதிவைத்திருந்த விருப்பத்தைக் காட்டிக் குழாய் உணவை நிறுத்த அனுமதி கேட்டபோது, 1992இல் டர்பன் நீதிமன்றம் அனுமதி அளித்தது. நோயாளி கேட்டாலும் ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு விஷயம், அது குற்றம். 2015இல் பிரிட்டோரியா நீதிமன்றம் ஒருவருக்கு அளித்த அனுமதியை மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் ரத்து செய்துவிட்டது.

கேள்வி: ஆயாவை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். இரவில் தூக்கமில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சில நாள்களில் அவரிடம் கத்திவிடுகிறேன். (பேத்தி, வெருலம்)

பதில்: வெட்கப்படவேண்டாம் அம்மா. தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான் பேசும். ஆயா முதியோர் உதவித்தொகை பெறுபவரானால், முழுநேரமும் பிறர் உதவி தேவைப்படுபவர்களுக்கான கிராண்ட்-இன்-எய்ட் என்னும் கூடுதல் தொகைக்கு, அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாசா அலுவலகத்தில் மருத்துவ அறிக்கையுடன் விண்ணப்பியுங்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் உரியது. உறவினர்கள் ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்பார்கள். அப்போது, ‘செவ்வாயும் சனியும் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை நீங்கள் இருங்கள்’ என்று நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தை எண்ணிப்பார்ப்பதும் குற்றமன்று. ஆரியன் பெனவலண்ட் ஹோம் என்னும் இல்லத்தை நம்மவர்கள் டர்பனில் 1921இலேயே தொடங்கினார்கள். வீட்டில் முடியாத நிலை அன்றும் இருந்தது.

கேள்வி: தாத்தாவுக்கு இன்னும் சில நாள்களே என்று தாதி சொல்லிவிட்டார். என்ன நடக்கும், நாங்கள் என்ன செய்யவேண்டும்? உறவினர்கள் வாயில் பால் ஊற்ற வரிசையில் நிற்கிறார்கள். (பேரன், ஃபீனிக்ஸ்)

பதில்: பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருப்பார். கைகால்கள் குளிர்ந்து நிறம் மாறும். மூச்சு வேகமாகி, பின் சில வினாடிகள் நின்று, மீண்டும் தொடங்கும். தொண்டையில் கரகரவென்று ஒலி கேட்கும். அது விழுங்கமுடியாத எச்சிலின் ஒலி. கேட்பவர்களுக்குத்தான் வேதனை, அவர் அதை உணர்வதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். இந்நேரத்தில் டிரிப் ஏற்றச் சொல்லாதீர்கள். உடல் ஏற்காத நீர் நுரையீரலில் தேங்கி அந்த ஒலியையும் மூச்சுத்திணறலையும் கூட்டும். செவிப்புலன் கடைசிவரை இருக்கக்கூடும் என்பதால் அவர் காதருகே பேசுங்கள்; தேவாரமோ திருப்புகழோ அவருக்குப் பழக்கமானதைப் பாடுங்கள். சொத்துச் சண்டை ஏதும் இருந்தால் அதை அந்த அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைப் பற்றி: அந்தக் கடமையை யாரும் விட்டுவிடவேண்டியதில்லை. ஆனால் உணர்விழந்தவரின் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். வரிசையில் இருபது பேர் ஊற்றினால் மூச்சுத் திணறியே அவர் போகநேரும். சுத்தமான பஞ்சைப் பாலிலோ துளசி நீரிலோ நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொருவரும் உதட்டில் ஒற்றட்டும். இடையில் வெறும் நீரில் நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டுக்குக் களிம்பு பூசுங்கள். உலர்ந்த வாய்க்கு அதுவே பெரிய இதம்.

யாரை அழைப்பது என்பதை இன்றே தீர்மானித்து எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். பதறிப்போய் 10177 எண்ணுக்கு ஆம்புலன்ஸ் அழைத்தால், வருபவர்கள் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முற்படவும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் கூடும். முதலில் ஹாஸ்பிஸ் தாதியையோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரையோ அழையுங்கள். எதிர்பார்த்த இயற்கை மரணமானால் அந்த மருத்துவர் டிஹெச்ஏ-1663 என்னும் இறப்பு அறிவிப்புப் படிவத்தில் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுவார். அவர் அந்த வாரம் ஊரில் இருப்பாரா என்பதையும் கேட்டுவையுங்கள். தாத்தாவின் அடையாள அட்டையை எடுத்துவையுங்கள். உள்துறை அலுவலகத்தில் இறப்பைப் பதிவுசெய்ய அது வேண்டும். பதிவு வேலையை இறுதிச்சடங்கு நிறுவனத்தாரே பெரும்பாலும் செய்து தருவார்கள். அவரை உடனே எடுத்துச்செல்லும்படி அவர்களை அவசரப்படுத்தத் தேவையில்லை. குடும்பத்தார் வந்து பார்த்து, குளிப்பாட்டிச் செய்யவேண்டியவற்றைச் செய்த பிறகு அழைக்கலாம். தாத்தாவுக்கு இதயமுடுக்கிக் கருவி பொருத்தப்பட்டிருந்தால் அதை மருத்துவரிடமும் இறுதிச்சடங்கு நிறுவனத்தாரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். தகனத்தின் வெப்பத்தில் அது வெடிக்கும் என்பதால் முன்னதாகவே அகற்றவேண்டும்.